ஏழாயிரம்பண்ணை நார்வே

அணிக்கு நார்வே என்று பெயர் வைத்தவள் சினேகா. அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று ஏழாயிரம்பண்ணைப் பக்கம் யாரைக் கேட்டாலும் கையை விரிப்பார்கள். அவளுக்கே சரியாகத் தெரியுமா என்பது அவள் புருஷன் மாரிக்கண்ணனுக்குச் சந்தேகம். ஆனாலும் அவள் வாயால் கேட்டால் நார்வே என்பது சாத்தூர் தாண்டி ரெண்டாவது ஸ்டாப் மாதிரி இருக்கும்.

இருவரும் விருதுநகரில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அவன் வரலாறு. அவள் வணிகவியல், அதைவிடக் கால்பந்து. கல்லூரி விளையாட்டு அறையில் கிடந்த பழைய பத்திரிகை ஒன்றில் அவள் நார்வே ஆடிய முதல் ஆட்டத்தைப் பற்றிப் படித்திருந்தாள். கல்யாணம் முடிந்ததும் அவன் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசு லேபிள் வடிவமைக்கப் போனான். அவள், படிப்புக்கேற்ற வேலை வரும்வரை என்று சொல்லிக்கொண்டு ஊர்ப் பெண்களோடு பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறினாள். அந்த வேலை வரவே இல்லை. ஆனால் அவளோடு கம்பெனிக்கு ஒரு பந்து வந்தது, வேனில் வந்த பெண்கள் ஓர் அணியானார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு கதை சொல்வாள்.

“ரெண்டும் பக்கத்துப் பக்கத்து நாடு. ஸ்வீடன் பெரிய கை. நார்வே அவுகளோட சேத்துக் கட்டிப்போட்ட நாடு. ரெண்டுக்கும் ஒரே ராசா. அவரு குடியிருந்தது ஸ்வீடன்ல. ஒருநா நார்வேக்காரன், ஒங்க ராசா ஒங்களோடவே இருக்கட்டும், எங்க பாட்டை நாங்க பாத்துக்கிடுறோம்னு பிரிஞ்சு வந்துட்டான். மூணு வருசம் கழிச்சு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டுல, ரெண்டு பேருக்கும் பந்தாட்டம். ஸ்வீடன்காரன் ஊரு, அவன் மைதானம், அவன் சனம். நாட்டுப் பேரைச் சொல்லி நார்வேக்காரன் ஆடுற மொத ஆட்டம். போய் நின்னான். விசில் ஊதுனாக. மூச்சு விடலை இன்னும். பந்து வலைக்குள்ள கெடக்கு. போட்டது யாரு?”

“நார்வே!” என்று பெண்கள் கத்துவார்கள்.

அந்த இடத்தில் கம்பெனி மணி அடிக்கும். எப்போது சொன்னாலும் சரியாக அந்த இடத்தில்தான் அடிக்கும். மிச்சக் கதையை யாரும் கேட்டதில்லை.

போன ஆனி மாதம் பக்கத்து அறையில் வெடிமருந்து பற்றிக்கொண்டது.

பட்டாசுக் கம்பெனியில் சேரும் அன்றைக்குச் சொல்லித்தரும் முதல் பாடம் ஒன்றுதான். சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு. அதற்காகத்தான் அறைக்கு அறை கதவுகள் எந்நேரமும் திறந்து கிடக்கும். தப்பித்து வந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். நாங்க ஓடிட்டோம். அக்கா எந்த ரூமுன்னு நிமிந்து பாத்துச்சு.

அவ்வளவுதான். ஒரு பார்வை.

அந்தக் கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். பெண்கள் ஜெயச்சந்திரன் முதலாளியின் கம்பெனிக்கு மாறினார்கள். மாரிக்கண்ணன் சினேகாவின் காரியம் முடிந்து அச்சகத்துக்குத் திரும்பினான். தீபாவளி சீசன் நேரம். சிரிக்கிற குழந்தைகளின் கையில் கம்பி மத்தாப்பைக் கொடுத்து லேபிள் போட்டான். சாப்பிட்டான். கேட்டதற்குப் பதில் சொன்னான். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அடுத்தவன் கன்னத்தைத் தொடுகிற மாதிரி இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் இருளம்மாள், கையில் அந்தப் பந்து. அவளுக்குப் பின்னால் ஒல்லியாக, நெட்டையாக பானுப்பிரியா. கடைசியில் வந்த அய்யம்மாள் நாற்பதைத் தாண்டியவள். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுப் பந்தாட வந்தவள். சினேகாவின் அணியில் ஏழு பேர். மூன்று பேர் வந்தால் ஏழு பேரும் வந்த கணக்கு.

“மச்சான், மாட்டுப்பொங்கலுக்கு ஆட்டம் வச்சிருக்கு” என்றாள் இருளம்மாள். சினேகாவை அக்கா என்று கூப்பிட்ட எல்லாருக்கும் அவன் மச்சான்தான்.

“யாரோட?”

“கோவில்கரிசல்.”

அவன் பந்தைப் பார்த்தான். கோவில்கரிசல் வடக்கே, ஓடையைத் தாண்டினால் வருகிற ஊர். காடு கரை உள்ள ஊர். பட்டாசுக் கம்பெனிகள் வருவதற்கு முன்னால் இந்தப் பெண்களின் வீட்டார் அங்கேதான் பருத்திக்குக் களை வெட்டினார்கள். கூலிக்கு ஓடைக்கரையில் நின்றார்கள். அந்த ஊர் மைதானத்தில் பொங்கலுக்குப் பொங்கல் ஆட்டம் நடக்கும். இந்த ஊர்க்காரர்கள் வரப்புக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். பந்து வெளியே வந்து விழுந்தால் எடுத்து எறிந்திருக்கிறார்கள். உள்ளே இறங்கி உதைத்ததில்லை.

“அவுகளாக் கூப்பிட்டாகளா?”

“பின்னே? அவுக ஊர்லயும் இப்ப பொம்பளைப் பிள்ளைக டீம் வச்சிருக்குக. ஆட ஆளு இல்லையாம். வேனை நிப்பாட்டி, வாறீகளான்னு கேட்டாக. நான் வாறோம்னுட்டேன்.”

“எனக்குப் பந்தாட்டம் தெரியாதே.”

“எங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும்!” என்றாள் அய்யம்மாள். “சினேகா சொல்லிக்குடுத்ததை நாங்க ஆடுறோம். நீ தண்ணிக் கேனைத் தூக்கிட்டு கூட நில்லு தம்பி. சினேகா நிக்க வேண்டிய எடத்துல வேற ஆளு நின்னா எங்களுக்குக் காலு ஓடாது.”

அவன் சரி என்றான். மறுக்கவும் தெம்பு வேண்டும்.

கம்பெனிக்குப் பின்னால் இருந்த தரிசில் சாயங்காலம் சாயங்காலம் பயிற்சி நடந்தது. அவன் எல்லைக்கோட்டில் தண்ணீர்க் கேனோடு உட்கார்ந்திருப்பான். ஒருநாள் அய்யம்மாள் மூச்சு வாங்க அவன் பக்கத்தில் வந்து சரிந்தாள்.

“ஏன் தம்பி, நீ வரலாறு படிச்ச ஆளுதானே. அந்த ஆட்டத்துல நார்வே கடைசில எத்தனை கோல் போட்டான்?”

“மூணு.”

“ஸ்வீடன்?”

அவன் சற்று யோசித்தான். பொய் சொல்லவும் தெம்பு வேண்டும்.

“பதினொண்ணு.”

அய்யம்மாள் எழுந்தே விட்டாள். “ஏ புள்ளைகளா, ஆட்டத்தை நிப்பாட்டுங்க! நம்மள ஏமாத்திப்புட்டா சண்டாளி! நார்வே தோத்திருக்கான்! பதினொண்ணுக்கு மூணு!”

ஏழு பேரும் கூடிவிட்டார்கள். பானுப்பிரியா அவன் முகத்தையே பார்த்தாள். “நெசமாவா மச்சான்? அக்கா ஒருநாளும் சொல்லலையே.”

“நீங்கதான் கேக்கலை. மணி அடிச்சா எந்திரிச்சுப் போயிட்டீக.”

“மணிக்குத் தோதா கதையை நிறுத்துறது யாரு?” என்றாள் இருளம்மாள். “சோத்தை உருட்டி உருட்டி நேரத்தை ஓட்டும். ஒரு நிமிசம் இருக்கும்போதுதான் விசில் ஊதும்.”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பதினொரு கோல் வாங்கியவன் பெயரை நெஞ்சில் எழுதிக்கொண்டு கோவில்கரிசலில் போய் நிற்பதா என்று ஒருத்தி கேட்டாள். வேறு பெயர் வைக்கலாமா என்று பேச்சு வந்தது.

“பதினொண்ணு வாங்கிட்டும் மூணு போட்டிருக்கான்ல” என்றாள் இருளம்மாள் கடைசியில். “பெரிய கையோட ஊருக்குப் போயி, மொதக் கோலும் அவன்தான் போட்டிருக்கான்ல. அது பொய்யில்லையே மச்சான்?”

“பொய் இல்லை.”

“அப்ப இதே பேரு இருக்கட்டும்.”

சட்டைக்கு ஜெயச்சந்திரனிடம் போனார்கள். ஐம்பது வயது மனிதர். பட்டாசு, அச்சு, லாரி என்று மூன்று தொழில். போன சீசனுக்குக் கடைக்காரர்களுக்குக் கொடுத்து மிஞ்சிய ஆரஞ்சு நிற டீ-ஷர்ட்டுகள் கிடங்கில் இருந்தன. முதுகில் கம்பெனி ராக்கெட்.

“எடுத்துக்கிடுங்க. முன்னால என்ன போடப்போறீக?”

“நார்வே, மொதலாளி.”

“நார்வேயா? அங்கனயெல்லாம் நமக்கு ஆர்டரே கிடையாதேம்மா!” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “சரி, போட்டுக்கிடுங்க. ஆனா ஒண்ணு. நம்ம கம்பெனிப் பிள்ளைக கோல் போட்டா அந்த ஊருக்கே கேக்கணும். நான் பாத்துக்கிடுறேன்.”

என்ன பார்த்துக்கொள்வார் என்று யாரும் கேட்கவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது.

மாட்டுப்பொங்கல் அன்று கோவில்கரிசல் மைதானத்தைச் சுற்றி ஆள் நிற்க இடமில்லை. பருத்தி எடுத்து உழுது போட்ட காடு ஒரு பக்கம், கம்மாய்க்கரை ஒரு பக்கம். அந்த ஊர்ப் பெண்கள் நீலச் சட்டையும் பூட்ஸுமாக நின்றார்கள். பள்ளி, கல்லூரி என்று ஆடிப் பழகியவர்கள். அவர்களைத் தயார் செய்த மணிகண்டராஜ் உடற்கல்வி ஆசிரியர். கழுத்தில் விசில், பேச்சில் மரியாதை. “வாங்க வாங்க, சாப்பிட்டீகளா?” என்று கேட்டு இளநீர் கொடுத்தார்.

நார்வே பெண்கள் வெறுங்கால். செருப்பு உரசினாலே பொறி பறக்கும் என்று காலையிலிருந்து மாலை வரை வெறுங்காலில் நின்று பழகியவர்களுக்கு பூட்ஸ் போட்டால் நடை வரவில்லை. மைதானத்துக்குள் இறங்குமுன் ஏழு பேரும் வரிசையாகப் போய் இரும்புக் கோல்கம்பத்தை உள்ளங்கையால் தொட்டார்கள்.

“என்ன, கம்பத்தைக் கும்பிடுறாக?” என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

“கும்பிடலை” என்றான் மாரிக்கண்ணன். பட்டாசு அறைக்குள் போகுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் தரைக்கு இறங்கிவிடும். வேலையைத் தொடங்குமுன் எதையாவது தொடாவிட்டால் இவர்களுக்குக் கை ஓடாது. அதை அவன் விளக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. முதல் சில நிமிடங்கள் நார்வேயால் பந்தைப் பார்க்கத்தான் முடிந்தது. நீலச் சட்டைகள் மூன்று தட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனார்கள். பானுப்பிரியா ஒன்றைக் காலால் தடுத்தாள், ஒன்றை வயிற்றால் தடுத்தாள். அய்யம்மாள் பந்தை விட்டுவிட்டு ஆளைத் தடுத்தாள். “ஏ அம்மா, நான் பந்து இல்ல!” என்று ஒரு நீலச் சட்டை அலறியது. “எனக்குக் கண்ணாடி போடாம எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும்” என்றாள் அய்யம்மாள்.

அப்புறம் இருளம்மாளுக்குப் பந்து கிடைத்தது. அவள் ஓட்டம் சினேகாவின் ஓட்டம். தலை குனிந்து, தோள் இறங்கி, பந்து கால்விரலோடு ஒட்டிக்கொண்ட மாதிரி. இரண்டு பேரைத் தாண்டினாள். உதைத்தாள். பந்து மேல்கம்பத்தில் இடித்து மைதானத்துக்குள் திரும்பி வந்தது.

எல்லைக்கோட்டின் நடுவில் கம்பெனி போர்மேன் சங்கையா காலையிலிருந்து ஊதுபத்தியோடு காத்திருந்தார். அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது கோல். திரியில் வைத்துவிட்டார்.

பத்தாயிரம் வாலா. முதலாளி பார்த்துக்கொள்வதாகச் சொன்னது அதைத்தான்.

முதல் வெடி வெடித்ததும் நார்வேயில் ஒருத்திகூட மைதானத்தில் இல்லை. ஏழு பேரும் சத்தத்துக்கு எதிர்ப்பக்கமாக எல்லைக்கோட்டைத் தாண்டி, கூட்டத்தைப் பிளந்து, உழுத காட்டுக்குள் பறந்துவிட்டார்கள். முன்னால் அய்யம்மாள். கோலை விட்டுவிட்டுப் பின்னால் பானுப்பிரியா. காட்டு நடுவில் போய்க் குனிந்து காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

நடுவர் விசில் ஊதவில்லை. பந்து உள்ளேதானே கிடக்கிறது. நீலச் சட்டைக்காரி ஒருத்தி பந்தைக் காலில் வைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு ஆளில்லாத மைதானத்தில் கடைக்குப் போகிற மாதிரி நடந்துபோய், ஆளில்லாத கோலுக்குள் பந்தைத் தள்ளினாள்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் சரவெடி கேட்கவில்லை.

“வெடி செய்றவளுக வெடிக்குப் பயந்து ஓடுறாளுக பாருலே!”

“ஏலே, இவளுகளுக்கு கோல் போட பந்து வேண்டாம், ஊசிவெடி போதும்!”

மாரிக்கண்ணன் தண்ணீர்க் கேனோடு நின்ற இடத்திலேயே நின்றான். அவன் ஓடவில்லை. அவனுக்குள் எதுவும் ஓடவில்லை.

பெண்கள் காலில் மண்ணோடு ஒவ்வொருத்தியாக உள்ளே வந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஆட்டம் ஆட்டமாக இல்லை. இடைவேளைக்குள் இன்னொரு கோல் விழுந்தது.

வேனின் நிழலில் உட்கார்ந்தார்கள். ஜெயச்சந்திரன் காரிலிருந்து இறங்கி வேகமாக வந்தார். முகம் சிவந்திருந்தது. கோபம் பாதி, அவமானம் பாதி.

“ஏம்பா மாரி, என்ன இது? மதுரையில இருந்து டெல்லி வரைக்கும் நம்ம வெடி போகுது. அதைச் செய்ற கை இவுக கை. பெருமையா நிக்க வேண்டாமா? ஊரே சிரிக்குதப்பா.”

சங்கையா தலை குனிந்து நின்றார். “எம்மேலதான் தப்பு மொதலாளி. கோலுன்னு நெனச்சிட்டேன்.”

“அது கெடக்கட்டும். அந்த ஊர்ப் பயலுக இப்ப கடைக்கு ஓடியிருக்கானுக, வெடி வாங்க. அடுத்த பாதில வைப்பானுக. மாரி, நீ சொல்லிரு. என்ன சத்தம் வந்தாலும் ஒருத்தரும் அசையக் கூடாது. நான் சொன்னா கேக்க மாட்டாக. நீ சொன்னா கேப்பாக.”

பானுப்பிரியா அழுதுகொண்டிருந்தாள். “நிக்கோம் மச்சான். இனிமே நிக்கோம். கம்பத்தைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டாவது நிக்கேன்.”

ஏழு பேரும் அவனைப் பார்த்தார்கள். சொன்னால் நின்றுவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரிந்தது. சினேகா நிற்க வேண்டிய இடத்தில் அவன் நிற்கிறான். வார்த்தை அவள் வார்த்தையாகத்தான் போய்ச் சேரும். ஆட்டத்தை மீட்டுவிடலாம். கோவில்கரிசலின் சிரிப்பை அடக்கிவிடலாம். அவள் மூன்று வருடம் வளர்த்த அணி.

கேனைக் கீழே வைத்தான்.

“நிக்க வேண்டாம்” என்றான்.

ஜெயச்சந்திரன் புருவத்தை உயர்த்தினார்.

“சத்தம் கேட்டா ஓடுங்க. எங்கன வெடிக்குது, யாரு வச்சதுன்னு நிமிந்து பாக்காதீக. பாக்கவே பாக்காதீக. பந்து கெடந்தா கெடக்கட்டும். கோல் விழுந்தா விழட்டும். பதினொண்ணு விழட்டும். நீங்க ஓடுங்க.”

அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. ஆனி மாதத்துக்குப் பிறகு இவ்வளவு நீளமாக அவன் பேசியதில்லை. யார் நிமிர்ந்து பார்த்தது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அய்யம்மாள் முந்தானை இல்லாத டீ-ஷர்ட்டின் ஓரத்தை இழுத்துக் கண்ணைத் துடைத்தாள்.

அவன் முதலாளி பக்கம் திரும்பினான். “இன்னைக்கு இங்க நிக்கப் பழகுனாகன்னா, நாளைக்கு உங்க கம்பெனிலயும் நிப்பாக மொதலாளி. இவுக ஓடுறது பயத்துல இல்ல. அதுதான் இவுக படிச்ச தொழிலு. சிரிக்கிறவுகளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.”

ஜெயச்சந்திரன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார், மறுபடி உள்ளே வைத்தார்.

“சங்கையா.”

“மொதலாளி.”

“மிச்சச் சரத்தையெல்லாம் வண்டில ஏத்து. ஏத்திட்டு வண்டியைக் கம்மாய்க்கு அந்தப்பக்கம் கொண்டுபோ.” பெண்களைப் பார்த்தார். “தாயி, அவன் சொல்றபடி ஆடுங்க.”

இரண்டாம் பாதியில் நார்வே வேறு மாதிரி ஆடியது. எதையோ இறக்கி வைத்துவிட்டு வந்தவர்கள் மாதிரி. ஓடினார்கள், விழுந்தார்கள், கத்தினார்கள். அய்யம்மாள் இந்த முறை பந்தையே தடுத்தாள். கோவில்கரிசல் பெண்களும் சளைக்கவில்லை. அவர்கள் உதைத்த ஒவ்வொன்றும் சுத்தமான உதை. ஆனால் உள்ளே போகவில்லை. பானுப்பிரியாவின் நீளக் கைகள் இரண்டு கம்பத்தையும் எட்டின.

ஒரு பந்தை அவள் நெஞ்சோடு பிடித்தாள். நிமிர்ந்து, பக்கத்தில் வந்து நின்ற இருளம்மாளின் காலுக்கு உருட்டிவிட்டாள். அந்த நேரம், நார்வேயின் கோலுக்கு நேர் பின்னால், வலையை ஒட்டினாற்போல ஊர்ப் பையன்கள் வைத்த சரம் வெடித்தது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சத்தம் முதுகுக்குப் பின்னால். ஓட வேண்டிய திசை முன்னால். ஏழு பேரும் ஒரே மூச்சில் கிளம்பினார்கள். பானுப்பிரியா கிளம்பினாள். அய்யம்மாள் கிளம்பினாள். இருளம்மாளும் கிளம்பினாள், அவள் காலில் பந்து இருந்தது, பந்தும் கிளம்பியது. ஏழு ஆரஞ்சுச் சட்டைகள் மைதானத்தின் முழு நீளத்துக்கும், தீப்பிடித்த வீட்டிலிருந்து வருகிற மாதிரி வந்தன. நீலச் சட்டைகள் எதிரே வந்து பார்த்தார்கள், பிறகு வழிவிட்டார்கள். யாரைத் தடுப்பது? ஒருத்தியைத் தடுத்தால் ஆறு பேர் மேலே ஏறிப் போவார்கள். மணிகண்டராஜ், “பந்தைப் பாரு, பந்தைப் பாரு!” என்று கத்தினார். அவர்களுடைய கோல்கீப்பர் கையை விரித்து நின்றாள். இருளம்மாள் அவளுக்கு இடது பக்கம் தட்டினாள். பந்து வலைக்குள் போனது. அதன் பின்னாலேயே இருளம்மாள் போனாள். அவள் பின்னாலேயே மற்ற ஆறு பேரும் வலைக்குள் போனார்கள். அய்யம்மாள் நிற்க முடியாமல் வலையோடு சேர்ந்து அந்தப் பக்கம் விழுந்தாள்.

சரம் வெடித்து ஓய்ந்தது.

தான் எங்கே நிற்கிறோம் என்று மாரிக்கண்ணன் அப்போதுதான் கவனித்தான். எதிரணிக் கோல்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கையில் தண்ணீர்க் கேன். மூடி எங்கோ தெறித்துப் போயிருந்தது, வேட்டியெல்லாம் ஈரம். இந்தக் கோடிவரை அவனும் ஓடி வந்திருக்கிறான். நெஞ்சு அடித்துக்கொண்டது. அது அவனுடைய நெஞ்சுதான்.

நடுவர் விசிலை வாயில் வைத்து, யோசித்து, ஊதினார். கோல்.

“ஏ புள்ள, கையில இருக்கதைப் போட்டுட்டு ஓடணும்னுதானே பாடம்!” என்று வலைக்குள்ளிருந்து அய்யம்மாள் சத்தம் போட்டாள். “நீ என்ன பந்தைக் கொண்டாந்திருக்கே?”

“கையில இருக்கதைப் போடத்தான் சொன்னாக சித்தி” என்றாள் இருளம்மாள். “கால்ல இருக்கதைப் பத்தி ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே!”

கூட்டத்தில் முதலில் சிரித்தது ஒரு கோவில்கரிசல் பெண். ஆனால் இந்தச் சிரிப்பு வேறு. அதற்குப் பின்னால் கைதட்டல் வந்தது. வரப்புக்கு வெளியே, வழக்கமான இடத்தில் நின்றிருந்த ஏழாயிரம்பண்ணைச் சனம் வரப்பைத் தாண்டிக் கோட்டுக்கு வந்துவிட்டது. யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. ஜெயச்சந்திரன் கார் கதவைப் பிடித்துக்கொண்டு, “நம்ம பிள்ளைக! நம்ம கம்பெனிப் பிள்ளைக!” என்று பக்கத்தில் நின்ற, யாரென்றே தெரியாத ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு யாரும் வெடி வைக்கவில்லை. வைத்தால் கோல் விழும் என்று பயம். வெடி இல்லாமலே கோவில்கரிசல் மூன்றாவது கோல் போட்டது. நல்ல கோல். பானுப்பிரியாவே, “அடி ஆத்தி, என்னமா அடிச்சா” என்று தலையாட்டினாள். மூன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்தது.

மணிகண்டராஜ் வந்து மாரிக்கண்ணன் கையைப் பிடித்தார். “எங்க பயலுக செஞ்சதுக்கு வருத்தப்படுறேன் தம்பி. ஆனா சர்வீஸ்ல இப்படி ஒரு கோல் நான் பாத்ததில்ல. அடுத்த வருசமும் வரணும். யாரு உங்க கோச்?”

“சினேகா” என்றான் மாரிக்கண்ணன்.

அந்தப் பெயரைச் சொன்னபோது நாக்கில் அது பட்டது. வலித்தது. வலித்தது நன்றாக இருந்தது.

வேனில் ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நார்வே மூன்று போட்டான், நாம் ஒன்று, மிச்சம் இரண்டு அடுத்த பொங்கலுக்கு என்றாள் ஒருத்தி. “அவன் வாங்குனது பதினொண்ணு, நாம வாங்குனது மூணுதான். நார்வேயை விட நாம எம்புட்டோ தேவலை” என்றாள் அய்யம்மாள். கோவில்கரிசல் மைதானத்தில் நம்ம ஊர் போட்ட முதல் கோல் என்று இருளம்மாள் மெதுவாகச் சொன்னாள். வேன் ஓடையைத் தாண்டியது.

“லீவு முடிஞ்சு போனா கம்பெனில கேப்பாகளே, என்ன சொல்ல?” என்றாள் பானுப்பிரியா.

“கதையா சொல்லு” என்றாள் இருளம்மாள். “அவுக ஊரு, அவுக மைதானம், அவுக சனம். பின்னால வெடிச்சது, நாங்க ஓடுனோம், பந்து வலைக்குள்ள கெடக்கு. போட்டது யாரு?”

“நார்வே!”

“அதோட நிறுத்து.”

“மேல கேட்டா?”

“சோத்தை உருட்டு. மணி அடிச்சிரும்.”

பொங்கல் லீவு முடிந்து மாரிக்கண்ணன் அச்சகத்துக்குப் போனான். மெஷின் ஓட்டும் கருப்பணன் காகிதக் கட்டை இறக்கிக்கொண்டே கேட்டார். “பொங்கல் ஆட்டம் என்னாச்சு மாப்ளே? அந்தக் கோவில்கரிசல்காரக லேசுல விடுறவுக இல்லையே.”

மாரிக்கண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சொன்னான். இளநீரிலிருந்து தொடங்கினான். கோல்கம்பத்தைத் தொட்டதைச் சொன்னான். சங்கையாவின் ஊதுபத்தியைச் சொன்னபோது கருப்பணன் காகிதக் கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இருளம்மாள் ஓடிய ஓட்டத்தை எழுந்து நின்று கையால் காட்டினான். பக்கத்து மேஜைக்காரர்களும் வந்து நின்றார்கள்.

“பந்து வலைக்குள்ள. பின்னாலயே ஏழு பேரும் வலைக்குள்ள.”

“அடி சக்கை! அப்புறம்?”

மாரிக்கண்ணன் கணினியைத் தட்டினான்.

“மெஷின் சும்மா நிக்குது பாருங்கண்ணே. வேலையைப் பாப்போம்.”